கம்பெனி கொடுத்த சப்வூஃபரை மாற்றலாமா? நான் மாற்றவில்லை, மச்சினன் மாற்றினான்

சப்வூஃபரும் (கனமான கீழ்ச் சத்தத்தை மட்டும் தரும் ஸ்பீக்கர்) தனி ஆம்ப்ளிஃபயரும் கம்பெனியிலேயே பொருத்தி வந்த காரில் ஆடியோவைக் கூட்டுவது, வெறும் நாலு ஸ்பீக்கர் மட்டும் உள்ள காரில் செய்வதைவிட ரொம்பச் சிக்கலான வேலை. நாலு ஸ்பீக்கர் வண்டியில் ஓரளவு நல்ல சாமான் எதைப் போட்டாலும் முன்பைவிட நன்றாகத்தான் கேட்கும். இதில் அப்படி இல்லை, கைநிறையச் செலவழித்தும் முன்பு இருந்ததைவிடக் குழம்பிப்போன சத்தத்தோடு வண்டி ஓட்டுகிறவர்களை மதுரையிலேயே பார்த்திருக்கிறேன். என் வண்டிக்கும் மச்சினன் வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்தக் கேள்வி வந்தது. இரண்டுக்கும் வேறு வேறு முடிவு எடுத்தோம், இரண்டுமே சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்குக் காசு மிச்சமாகும்.

என்னுடையது நடுத்தர எஸ்யூவி. டிக்கியின் பக்கச் சுவருக்குள் 8 இன்ச் சப், முன் சீட்டுக்கு அடியில் ஆம்ப். வேலைக்காக விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று என்எச் 44-லேயே பாதி வாழ்க்கை போகிறது, பாட்டு இல்லாமல் அந்த ரோட்டில் போக என்னால் ஆகாது. நாதஸ்வரக் கச்சேரி நிறையக் கேட்பேன், எண்பதுகளின் சினிமாப் பாட்டுகள், உருமியும் பறையும் சேர்ந்த நாட்டுப்புறப் பாட்டுகள். தவிலில் வலந்தலைப் பக்கம் கூடு மாட்டிய விரல்கள் விழுவது வண்டியில் பளிச்சென்று கேட்டது. தொப்பிப் பக்கம் குச்சி விழும்போதுதான் குறை தெரிந்தது. நேரில் கேட்டால் அந்த அடி நெஞ்சுக்குள் இறங்கும். வண்டியில் அது ‘டப்’ என்று தட்டையாக விழுந்து, அதன் பின்னாலேயே கதவிலிருந்து ஏதோ கடகடத்தது. சப் பத்தவில்லை, ஆம்ப் பத்தவில்லை என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். “சார், இதெல்லாம் சும்மா பேருக்குப் போட்டு விடுறது. நம்ம 2000 வாட் ஆம்ப், 12 இன்ச் பாக்ஸ் போடுங்க, வண்டியே அதிரும்” என்றார்கள். மொத்தம் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அந்த ஆம்ப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வயர் மாட்டும் பக்கத்தில் ஒரே ஒரு பச்சை ஃபியூஸ், மேலே 30 என்று இருந்தது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்: ஆம்ப் எவ்வளவு வாட் தொடர்ந்து கொடுக்கும் என்பதை அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண் சொல்லாது, அதன் ஃபியூஸ் சொல்லிவிடும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் வோல்டேஜ் சுமார் 13.8 வோல்ட். 30 ஆம்பியரால் பெருக்கினால் 414 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். கரன்ட்டை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப்பாக இருந்தாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். மிச்சம் 330 வாட் வந்தால் பெரிது. 2000 வாட் அதிலிருந்து எப்படி வரும்? ஸ்பீக்கர், ஆம்ப் எதை வாங்கினாலும் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும், தாங்கும் வாட்) எத்தனை என்று மட்டும் கேளுங்கள், பீக், மேக்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்க்கவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். சப்புக்குப் போகிற சக்தியை 60 வாட்டிலிருந்து 120 வாட்டாக இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கு’ என்று தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கு என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 60 போய் 600. ஆகவே கம்பெனி சப்பை எடுத்துவிட்டு அதே ஆம்ப்பில் ‘நல்ல பிராண்ட்’ சப் ஒன்றை மாட்டினால் போதும் என்று சொல்வதை நம்பாதீர்கள். பெரும்பாலும் ஏமாற்றம்தான், ஏன் என்பது கம்பெனி சப்பைக் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது.

அதைக் கழற்றிக் காட்டியவர் பழங்காநத்தத்தில் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவர். வயரிங்தான் அவருக்கு முதல் தொழில், ஆடியோ பிற்பாடு வந்தது. “அண்ணே, மாத்தணுமா வேணாமான்னு மட்டும் சொல்லுங்க” என்று போய் நின்றேன். “தம்பி, பாக்காம எப்படிச் சொல்றது?” என்று டிக்கியின் பக்கப் பேனலைக் கிளிப் கிளிப்பாக நெம்பி எடுத்தார். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. வீல் ஆர்ச்சுக்கு மேலே மிச்சமிருக்கும் கோணல்மாணலான இடத்தில் உட்காரும்படி அச்சில் வார்த்தது. நாலு போல்ட் கழன்றதும் ஒற்றைக் கையால் தூக்கி என்னிடம் நீட்டினார், அவ்வளவு லேசு. மேக்னட் உள்ளங்கைக்குள் அடங்கியது. கோன் கெட்டியான காகிதம். பின்னால் ஒட்டியிருந்த லேபிளில் 2 ஓம் (மின்தடை அளவு) என்று இருந்தது.

லேசாக இருப்பதால் மட்டமானது என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சின்னப் பெட்டிக்கும் அந்த லேசான கோனுக்கும் ஏற்ற மாதிரி ஆம்ப்புக்குள் ஈக்வலைஸர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் கூட்ட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எத்தனை மில்லிசெகண்ட் தாமதம் என்று எல்லாமே அந்த உருப்படிகளுக்காகச் செதுக்கியது. அதில் கடையில் கிடைக்கும் 4 ஓம் சப்பை மாட்டினால் ஆம்ப்பிலிருந்து வரும் சக்தி ஏறக்குறைய பாதியாகும். பெட்டியின் கொள்ளளவும் அதற்குப் பொருந்தாது, ஈக்வலைஸரும் வேறு யாருக்கோ எழுதியது. விலை அதிகம், சத்தம் முன்பைவிடக் குறைவு. சரி, சப் இருக்கட்டும், ஆம்ப்பை மட்டும் மாற்றலாம் என்றால் அது இன்னும் மோசம், அந்தக் கையளவு மேக்னட்டும் காயிலும் 300 வாட்டைத் தாங்காது. மாற்றுவதென்றால் சப், பெட்டி, ஆம்ப் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் கையை வைக்கவே கூடாது.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். புது வண்டிகள் பலவற்றில் ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டு டிஜிட்டலாகப் போகிறது, நடுவில் வயரைப் பிரித்து சிக்னல் எடுக்க முடியாது. போன் பேசும் குரல், பார்க்கிங் சென்சாரின் பீப், இன்டிகேட்டர் டிக் டிக், வழிசொல்லும் குரல் எல்லாம் பல வண்டிகளில் அதே ஆம்ப் வழியாகத்தான் வருகின்றன. கம்பெனி ஆம்ப்பைத் தூக்கி எறிந்தால் அவையும் சேர்ந்து போகும். ஆம்ப்புக்குப் பின்னால், ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்து எடுக்கலாம், ஆனால் அங்கே வரும் சிக்னல் ஏற்கனவே வெட்டி ஒட்டிய சிக்னல். வால்யூம் ஏற ஏற பேஸை (கீழ்ச் சத்தத்தை) தானாகவே குறைக்கும் வேலையும் அதில் நடக்கிறது, சின்ன சப் கிழிந்துபோகாமல் இருக்க.

இதை உங்கள் வண்டியிலேயே சோதித்துப் பார்க்கலாம், நானும் அப்படித்தான் பார்த்தேன். ஞாயிறு காலை ரிங் ரோட்டில் ஆளில்லாத ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, டோன் ஃபைல்களை பென்டிரைவில் போட்டு ஒவ்வொன்றாக ஓடவிட்டேன்: 30, 40, 50, 63, 80, 100 ஹெர்ட்ஸ் (எண் குறையக் குறையச் சத்தம் கீழே இறங்கும்). புளூடூத் வேண்டாம், அதில் எந்த கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) ஓடுகிறதோ என்ற சந்தேகமே வராமல் இருக்கட்டும். டோனைக் குறைந்த வால்யூமில் ஆரம்பியுங்கள், நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள், காயில் சூடாகும். டெசிபல் அளக்க போனில் இலவச ஆப் போதும், ஆனால் போன் மைக் கீழ்ச் சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது. அதனால் 40-ஐயும் 80-ஐயும் அதில் ஒப்பிடக் கூடாது, ஒரே டோனை இரண்டு வால்யூமில் வைத்து ஒப்பிடலாம். 50 ஹெர்ட்ஸை நடு வால்யூமில் வைத்து அளந்து, நாலைந்து படி ஏற்றி அளந்து, அதே படிகளில் 200 ஹெர்ட்ஸை வைத்து அளந்தால் போதும். 200 ஏறுகிற அளவுக்கு 50 ஏறவில்லை என்றால் கம்பெனி ஆம்ப் பேஸை அமுக்குகிறது என்று அர்த்தம்.

என் வண்டியில் தெரிந்தவை: 50லிருந்து 63 வரை நன்றாகவே முழங்குகிறது. 40-இல் திடீரென்று விழுகிறது. 30 என்று ஒன்று ஓடுவதே தெரியவில்லை. வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றினால்தான் அமுக்கல் தொடங்குகிறது, அந்த அளவுக்கு நான் வைப்பதே இல்லை. 80 ஹெர்ட்ஸை வைத்ததும் டிரைவர் பக்கக் கதவு முழுக்க நடுங்கியது. டோர் ட்ரிம்மில் உள்ளங்கையை அழுத்தினேன், கடகடப்பு நின்றது. கையை எடுத்தால் மறுபடி. பின்னால் நம்பர் பிளேட் தனியாக ஒரு தாளம், சீட் பெல்ட் பக்கிள் தூணில் மோதுவது இன்னொரு தாளம். நான் குறை என்று நினைத்த தவில் அடியின் கனம் பெரும்பாலும் 60லிருந்து 120 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருப்பது. அந்த வட்டாரத்தில் பாதியை சப் தரவே இல்லை, முன் கதவு ஸ்பீக்கர்தான் தருகிறது. அதாவது நான் நாற்பதாயிரம் செலவழிக்கப் போன இடம் டிக்கி, கோளாறு இருந்த இடம் கதவு.

அதனால் கதவை முதலில் எடுத்துக்கொண்டோம். ட்ரிம்மைக் கழற்றினால் உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் அந்த ஓட்டை வழியாகக் கலந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. வெளித்தகட்டின் உட்புறம் தகடு நடுங்குவதை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்தித் தேய்த்து, உள்தகட்டின் ஓட்டைகளையும் அதே ஷீட்டால் மூடினார். லாக் ராடுக்கு ஃபோம் சுற்றினார், ஸ்பீக்கர் ஓரத்தில் ஃபோம் வளையம் வைத்தார். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும், அவற்றை மூடினால் ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். அப்புறம், விலை குறைவு என்று தார் கலந்த ஷீட்டை ஒட்டவிடாதீர்கள். மதுரை வெயிலில் மத்தியானம் நிறுத்திய வண்டியின் கதவில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் அது இளகி வழியும், வண்டிக்குள் தார் வாடை வரும்.

முன் கதவு இரண்டு, டிக்கிக் கதவு, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம். ஸ்டீரியோவில் பேஸை இரண்டு படி குறைத்தேன், குறைத்த பிறகுதான் பேஸ் தெளிவாகக் கேட்டது. கடையில் சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தொப்பி அடி இப்போது அடியாக விழுகிறது. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிடார் ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து நடப்பது கேட்கிறது, முன்பு அது ஒரே மொத்தையாக இருந்தது.

40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இன்னமும் ஒன்றும் இல்லைதான். அது எனக்கு வேண்டுமா என்று யோசித்தேன். நாலு கம்பி பேஸ் கிடாரின் ஆகக் கீழான கம்பியே 41 ஹெர்ட்ஸ். நான் கேட்கிற பாட்டுகளில் அதற்குக் கீழே ஏதாவது வருவது அபூர்வம். நாலு வழிச் சாலையில் 90, 100-இல் போகும்போது டயர் சத்தமும் காற்றும் சேர்ந்து கீழ்ச் சத்தத்தைத்தான் முதலில் மூடுகின்றன. கடையில் நிறுத்திய வண்டியில் டெமோ கேட்டு முடிவெடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான், கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டி ஒரு ரவுண்டு ஓட்டிக் கேட்க விடுகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் டிக்கி. சோழவந்தானில் இருந்து தேங்காய் மூட்டையும் அரிசியும் வருகிற வண்டி இது. அதில் பாதி இடத்தை ஒரு மரப்பெட்டிக்குக் கொடுக்க வீட்டில் யாருக்கும் மனசில்லை, எனக்கும்தான். அதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போதும் எதுவும் குறைவதாகத் தோன்றவில்லை.

மச்சினன் கதை வேறு. அவன் தனியாக ஓட்டுகிறவன், டிக்கி காலியாகவே கிடக்கும். கேட்பதெல்லாம் இப்போது வருகிற பாட்டுகள், அதில் கம்ப்யூட்டரில் செய்த பேஸ் 30, 35 வரை இறங்கும். அவன் வண்டியில் இருந்ததும் ஒரு சின்ன சப்தான். “மச்சான், உங்க வண்டி மாதிரி ஷீட் ஒட்டுனா எனக்கும் போதுமா?” என்று கேட்டான். அதே டோன்களை ஓட்டிப் பார்த்தோம். அவன் வைக்கிற வால்யூமில் ஆம்ப் பேஸை நன்றாகவே அமுக்கியது. 45-க்குக் கீழே வெறும் மூச்சுச் சத்தம். “உனக்குப் போதாது மாப்ள, ஷீட்டையும் ஒட்டு, சப்பையும் மாத்து” என்றேன்.

கம்பெனி ஆம்ப்பில் கை வைக்கவில்லை. கதவுகளுக்கு அது அப்படியே வேலை செய்கிறது, பீப்பும் போனும் அப்படியே. சப்பின் வேலையை மட்டும் தனியாகப் பிரித்துப் புது மோனோ ஆம்ப், மூடிய பெட்டியில் 10 இன்ச் சப், நடுவில் ஒரு டிஎஸ்பி (சிக்னலைத் திருத்திக் கொடுக்கும் கருவி). 12 இன்ச் வேண்டும் என்று நின்றான், பெரியவர் 10 போதும் என்றார். மூடிய பெட்டியில் சத்தம் கீழே போகப் போகக் குறையும், ஆனால் கார் கேபின் சின்ன இடம் என்பதால் அதே கீழ்ச் சத்தத்தைத் தானாகத் தூக்கிக் கொடுக்கும், இரண்டும் ஏறக்குறையச் சரிக்கட்டிக்கொள்ளும். வீட்டில் மூடிய பெட்டி சோர்ந்துபோவதும் காரில் அதே பெட்டி 30 வரை இறங்குவதும் இதனால்தான். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி இன்னும் சத்தமாக இருக்கும், இடமும் அதிகம் கேட்கும், அளவு பிசகினால் ஒரே சுரத்தில் முழங்கும்.

சிக்னல் எங்கே எடுப்பது என்பதற்கு அவர் நிறைய நேரம் செலவழித்தார். சப் வயரில் வரும் சிக்னலில் வெட்டு அதிகம். முன் கதவு வயரில் டோன் ஓட்டி மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் 30 வரை சிக்னல் இறங்கியது, வால்யூம் பாதிக்கு மேல் போகும்வரை குறையவும் இல்லை. அங்கே எடுத்தார். வயரை வெட்டாமல், அந்த வண்டிக்கென்று வரும் கப்ளர் வாங்கி நடுவில் சொருகினார். வாரண்டி இருக்கும் வண்டியில் இதற்குக் கூடக் கொடுக்கும் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள், வெட்டி டேப் சுற்றிய வயரைக் காட்டி மின்சாரக் கோளாறு எதையும் வாரண்டியில் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட முடியும்.

பவர் வயரில்தான் நம் ஊரில் அதிகம் ஏமாற்று நடக்கிறது. அவர் வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். சுரண்டிய இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு, சிவப்பாகவே இருந்தால் செம்பு. 450 வாட் ஆம்ப் நாற்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கு 4 கேஜ் செம்பு வயர் போட்டார். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம். வயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால் ஃபியூஸ்தான் வண்டி எரியாமல் காப்பாற்றும், ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் அந்த வேலையைச் செய்யாது. எர்த் வயரைப் பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ‘ஊ’ என்ற இரைச்சல் ஏறி இறங்கும். ஆட்டோ ஸ்டார்ட் ஸ்டாப் உள்ள வண்டி என்றால் பேட்டரி நெகட்டிவ்வில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும், எர்த்தை நேராக அந்த முனையில் கட்டினால் சென்சாரின் கணக்குத் தப்பும். வண்டித் தகட்டில்தான் கட்ட வேண்டும்.

கெயின் திருகியை எல்லோரும் வால்யூம் மாதிரி திருகுகிறார்கள். ஸ்டீரியோ கொடுக்கும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தி வைப்பதற்கு மட்டும்தான் அது. 2 ஓம் சப்புக்கு 450 வாட் என்றால் 450-ஐ 2-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 30 வோல்ட். சப்பைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனை அவன் வைக்கிற உச்ச வால்யூமில் ஓடவிட்டு, மீட்டரில் 30 காட்டும் வரை திருகி அங்கேயே விட்டார். பேஸ் பூஸ்ட் பூஜ்யம். 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர், அதாவது அதற்குக் கீழே உள்ளது மட்டும் சப்புக்கு. பிறகு ஃபேஸ் (phase) சுவிட்சை, அதாவது சப்பின் அலையைத் தலைகீழாக்கும் சுவிட்சை, 0, 180 என்று மாற்றி மாற்றி 80 டோனை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டோம், எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விட்டோம். பத்து பைசா செலவில்லாத இந்த வேலையை எந்தக் கடையிலும் செய்து நான் பார்த்ததில்லை, வித்தியாசம் அவ்வளவு தெரிந்தது.

மொத்தம் அவனுக்கு அந்த பைபாஸ் கடை சொன்னதைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆனது. உருமியைத் தேய்க்கும் அந்த அனத்தல் அவன் வண்டியில் முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து எழும்புகிற மாதிரி இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது, கம்பெனி விலையில் சேராத இந்தச் சாமான்களை எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ் என்று பில்லோடு சொல்லிச் சேர்க்கச் சொன்னேன், பாலிசியில் ஐஎம்டி 24 (இந்த மாதிரிச் சாமான்களுக்கான பிரிவு எண்) என்று ஏறும். சேர்க்காவிட்டால் திருட்டோ விபத்தோ நேர்ந்தால் அதற்குப் பணம் வராது. கழற்றிய கம்பெனி சப்பையும் பெட்டியையும் போல்ட்டுகளையும் கடையில் விட்டுவர வேண்டாம் என்றும் சொன்னேன். வண்டியை விற்கிற அன்று அதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் புது செட்டை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டுப் பெட்டியோடு டேப் ஒட்டி, எங்கள் வீட்டுப் பரணில்தான் வைத்திருக்கிறான்.